கப்பல் பறக்கிறது, தவணை தொடர்கிறது

பெதஸ்டா 2023இல் வெளியிட்ட ஸ்டார்ஃபீல்டு என்னும் கணினி விளையாட்டின் கதை 2330ஆம் ஆண்டில் நடக்கிறது. பூமி வாழத் தகுதியற்றதாகிவிட்டது. விண்மீன் விட்டு விண்மீன் தாவும் கப்பல் நம் கையில் இருக்கிறது. ஆனால் தொடக்கத்திலேயே 'கனவு இல்லம்' என்னும் அம்சத்தைத் தேர்ந்தெடுத்தால், அமைதியான கோள் ஒன்றில் வீடும், அதற்காகக் கால்பேங்க் என்னும் வங்கியில் 1,25,000 கிரெடிட் (விளையாட்டின் நாணயம்) கடனும் சேர்ந்தே வருகின்றன. பெங்களூர் சர்ஜாபூர் சாலை அடுக்ககத்துக்குத் தவணை கட்டிவிட்டு, அதை மறப்பதற்காக விளையாட உட்காருகிறவனுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

இன்னோர் அம்சத்தில் பெற்றோர் உயிருடன் இருப்பார்கள், போய்ப் பார்க்கலாம். ஆனால் வருமானத்தில் ஒரு பங்கு தானாகவே அவர்களுக்குப் போய்விடும். பெற்றோருக்குப் பணம் கொடுப்பதை விளையாட்டு இழப்பாகவே கணக்கு வைக்கிறது. சம்பளம் வந்த அன்றே ஊருக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தில் மாதத்தை ஓட்டும் தமிழ்ப் பிள்ளைகள் பெங்களூரின் பி.ஜி. விடுதிகள்தோறும் இருக்கிறார்கள். அவர்களில் எவரும் இதை அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். இன்றைய அமெரிக்கப் புறநகர்க் குடும்பம்தான் முந்நூறு ஆண்டுகள் தாண்டியும் மனிதக் குடும்பத்தின் ஒரே வடிவம் என்று எவரோ யோசிக்காமலே முடிவுசெய்திருக்கிறார்கள்.

மாஸ் எஃபெக்ட் என்னும் இன்னொரு விண்வெளி விளையாட்டு இதைவிட விசித்திரமானது. ஆயிரம் ஆண்டு வாழும் அசாரிகள், நாற்பது ஆண்டுக்குள் முடிந்துவிடும் சலேரியன்கள் என்னும் வேற்றுக்கோள் இனங்களுக்கு ஆயுளுக்கேற்ற குணமும் அரசியலும் அமைத்த அதே கற்பனை, 2183ஆம் ஆண்டின் மனிதனிடம் வந்ததும், இன்றைய கடற்படைப் பதவிகளை அவன் சட்டையில் குத்திவிட்டு ஓய்ந்துவிடுகிறது.

பணமும் துப்பாக்கியும் விளையாட்டு விதிகளாக மாற எளியவை, ஆகையால் வேறு வழியில்லை என்பார்கள். பாதி உண்மை. ஃபிராக்சிஸ் உருவாக்கி 1999இல் வெளிவந்த ஆல்ஃபா சென்டாரி என்னும் விளையாட்டு, சமூகம் எப்படி இருக்க வேண்டும் என்பதையே விதியாக்கிக் காட்டியது. அரசியல், பொருளாதாரம், விழுமியங்கள், எதிர்காலச் சமூகம் என்ற நான்கிலும் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சந்தைப் பொருளாதாரம் அங்கே பல தேர்வுகளுள் ஒன்று மட்டுமே. ஏற்பாட்டை இடையில் மாற்றினால் செலவு பிடிக்கும். நம் தேர்வு பிடிக்காத மற்ற அணித் தலைவர்கள் முறைத்துக்கொள்வார்கள்.

காட்சிகள் இன்று பழசாகத் தெரியும். விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டும் தேவையில்லை. இதுவரை விளையாடாதவர்கள், அமைதிப் படையின் தலைவராக வரும் இந்தியர் பிரவின் லாலை எடுத்துக்கொண்டு தொடங்கலாம்.