பத்து செட்

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில் துணிக்கடை வைத்திருப்பவனுக்கு ஓணத்துக்கு முந்தின ரெண்டு வாரமும் காதில் விழுவது ஒரே சொல்தான். செட்.

போன ஓணத்துக்கு நாகர்கோவில் பக்கமிருந்து ஒரு டீச்சர் போன் போட்டார். "அண்ணாச்சி, பச்சைக் கரையில பத்து செட் அனுப்புங்க, ஸ்டாஃப் எல்லாம் ஒண்ணு போல உடுக்கணும்." நானும் பத்து செட் முண்டு எடுத்து, கஞ்சி மொறமொறப்புக் கலையாமல், கசவு என்கிற சரிகை வெளியே தெரிகிற மாதிரி அடுக்கி பஸ்சில் போட்டுவிட்டேன். சாயங்காலமே போன். "என்ன அண்ணாச்சி, எல்லாத்தையும் ரெண்டா வெட்டி அனுப்பியிருக்கீங்க?"

அவர் கேட்டது செட் சாரி. செட் முண்டு என்றால் இடுப்பில் சுற்ற முண்டு ஒன்று, மேலே போட நேரியது ஒன்று. இரண்டு துணி, அதனால் செட், நியாயம். செட் சாரியோ ஒரே துணி. உடுத்தி நின்றால் முண்டும் நேரியதும் போலத் தெரியும், அவ்வளவுதான். ஒரே துணிக்கு எதற்கு செட் என்று பேர் என இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை, எனக்கும் தோன்றவில்லை. தப்பு என்னுடையதுதான். எத்தனை துணி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பஸ் கூலி போக வர என் தலையில் விழுந்தது.

அந்தக் கடுப்பில் இருந்த நேரம் பார்த்து ஒருவர் பெருமையாக ஒரு செய்தி அனுப்பினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் 'செட்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு 430 அர்த்தமாம், ஆங்கிலம் எவ்வளவு பெரிய கடல் பாருங்கள் என்று. 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்புக் கணக்கு அது. வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள், அதை விளக்க சுமார் 60,000 சொற்கள். இப்போது அந்தக் கிரீடமும் கைமாறிவிட்டது. மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தியபோது 'ரன்' 645 பொருளோடு முந்திவிட்டது. அந்த ஒரு சொல்லோடு பீட்டர் கில்லிவர் என்ற அகராதிக்காரர் ஒன்பது மாசம் மல்லுக்கட்டினார். அவர் உழைப்புக்குக் கும்பிடு. ஆனால் மொழி பெரிது என்று காட்ட இந்த எண்ணிக்கை உதவாது.

அதை எங்கள் ஊர்ப் பேச்சை வைத்தே சொல்கிறேன். இங்கே யாரும் வீட்டுக்கு வந்தால் 'உட்காருங்க' என்பதில்லை, 'இரிங்க' என்போம். பிள்ளையை 'மடியில இருத்து' என்போம். ஆங்கிலத்தின் 'சிட்', 'செட்' உறவும் அச்சு அசல் இதேதான். செட் என்றால் ஆதியில் 'இருத்து'. விளக்கை மேசையில் இருத்து, கல்லை மோதிரத்தில் இருத்து, நாளைக் காலண்டரில் இருத்து என்று ஆரம்பித்தால் நூறு என்ன, நானூறும் வரும். நம் 'வை' மட்டும் லேசுப்பட்டதா? குழம்பு வை, பேர் வை, பொட்டு வை, அடகு வை, ஆசை வை, சொல்லி வை, அழ வை. கோழியை அடை வைக்கிறோமே, அதற்கும் ஆங்கிலத்தில் 'செட்'தான். உட்கார்ந்து எண்ண ஒரு கில்லிவர் நமக்கும் வேண்டும், அவருக்கு ஒன்பது மாசச் சம்பளமும் வேண்டும்.

இன்னொன்று. என் கடையில் புழங்குகிற செட்டுக்கும் இந்த இருத்துகிற செட்டுக்கும் பிறப்பிலேயே சம்பந்தம் கிடையாது. கூட்டம், தொகுப்பு என்ற பொருளில் வரும் செட், லத்தீன் 'செக்டா' பழைய பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. பின்தொடர்வோர் என்கிற பொருள். ரெண்டு வேறு குடும்பத்துப் பிள்ளைகள், முகம் மட்டும் ஒன்று.

இங்கே நாங்கள் அதற்கும் மேலே போய்விட்டோம். மைக் செட், பம்பு செட், கம்மல் செட். என் அம்மாவுக்கு செட் என்றால் பல். ராத்திரி எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில் போட்டு ஜன்னலில் வைத்துவிட்டு, விடிந்ததும் "எனக்க செட்ட எங்கல வெச்ச?" என்று வீட்டையே இரண்டாக்குவாள். மாமா கொத்தனார். அவருக்கு செட் என்றால் சிமெண்ட் இறுகுவது. சாதா சிமெண்ட் 30 நிமிஷத்துக்கு முன்னால் இறுக ஆரம்பிக்கக் கூடாது, 10 மணி நேரத்துக்குள் இறுகி முடிந்துவிட வேண்டும் என்பது தரக்கணக்கு. கலவை போட்டபின் சித்தாள் டீ குடிக்கப் போனால் மாமா கத்துவது அந்தக் கணக்கில்தான். 'செட்' பரீட்சை எழுதப் போகிறேன் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னாலும், எந்தப் பக்கத்து செட் என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் அது கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆவதற்கு, எல்லை தாண்டினால் ஹயர் செகண்டரி டீச்சர் ஆவதற்கு.

இதிலெல்லாம் எனக்கு மனத்தாங்கல் இல்லை. தமிழ் கெட்டுப்போச்சு என்று ஒப்பாரி வைக்கிற ஆளும் இல்லை. கடுப்பேற்றுவது ஒன்றே ஒன்று, 'செட் ஆகாது'. தங்கச்சி மகளுக்கு வந்த வரன் அப்படித்தான் முடிந்தது. வந்து, பழம்பொரி தின்று, சிரித்துப் பேசிப் போனார்கள். மூணாம் நாள் வாட்ஸப்பில் ரெண்டே சொல்: "செட் ஆகாது." ஜாதகமா, நகையா, பிள்ளையின் வேலையா? முன்பெல்லாம் பொய்யாவது ஒரு காரணம் சொல்வார்கள், நாமும் திருப்பி ரெண்டு வார்த்தை கேட்கலாம். இதில் எதைப் பிடித்துக் கேட்பது? தங்கச்சி அந்த மெசேஜை ஒரு வாரம் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடையில் இப்போது ஆர்டர் நோட்டில் செட் என்று எழுதுவதை விட்டுவிட்டேன். ஒரு துணி, ரெண்டு துணி என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பாறசாலைப் பையன் ஒருத்தன் பார்சல் வாங்க வந்து, பைக்கை அணைக்காமலே, "சேட்டா, செட் அல்லே?" என்றான். நான் நோட்டிலிருந்து தலையெடுக்காமல், "சாரியா, முண்டா?" என்றேன். அவன் விழித்தான். எல்லாம் ரெடியா என்று கேட்டிருக்கிறான்.