முதலிடம் பிடித்த அணியின் ஜிம்மில்தான் ஃபைனல் நடக்க வேண்டும்

மார்ச் மாதம் வந்தால் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பார்க்கிற நம் நண்பர்கள் எல்லோரும் 68 அணிகள் ஆடும், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தேசியப் போட்டியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதற்கு முந்தின வாரம்தான் முக்கியம். கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட் நடக்கிற வாரம். கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் லீக் ஆடுகிற கல்லூரிகளின் குழு; லீக் முடிந்ததும் அதே அணிகள் தோற்றால் வெளியேறும் முறையில் ஆடுவதுதான் அந்த டோர்னமென்ட். அந்த வாரத்தில் சின்னக் கான்ஃபரன்ஸ்கள் பல, தங்கள் போட்டியைக் கல்லூரி வளாகத்திலிருந்து பிடுங்கி எங்கோ ஒரு நகரத்தின் வாடகை அரங்கத்துக்குக் கொண்டுபோய், காலி நாற்காலிகளுக்கு முன்னால் நடத்துகின்றன. இது தப்பு. வருடா வருடம் ஒரே ஒரு அணிக்கு மட்டும் தேசியப் போட்டியில் இடம் கிடைக்கிற கான்ஃபரன்ஸில், லீக்கில் மேலே முடித்த அணியின் சொந்த ஜிம்மில்தான் ஒவ்வொரு ஆட்டமும் நடக்க வேண்டும், ஃபைனல் உட்பட.

இந்த ஏற்பாடு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்றில் முப்பதுக்கும் மேற்பட்ட கான்ஃபரன்ஸ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் டோர்னமென்ட் சாம்பியனுக்கும் 68-இல் ஓர் இடம் உறுதி. மிச்ச இடங்களைத் தேர்வுக் குழு நிரப்பும், அதில் பெரும்பங்கு பெரிய கான்ஃபரன்ஸ்களுக்கே போய்விடும். பெரிய அணிகளான டியூக்கோ கன்சாஸோ கான்ஃபரன்ஸ் டோர்னமென்டில் முதல் ஆட்டத்திலேயே தோற்றாலும் அவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை, ஞாயிற்றுக்கிழமை தேர்வுக் குழு வெளியிடும் பட்டியலில் பெயர் வந்துவிடும். ஆனால் சின்னக் கான்ஃபரன்ஸ்களான அமெரிக்கா ஈஸ்டிலோ ஹொரைசன் லீகிலோ ஆடுகிற அணி ஜனவரி, பிப்ரவரி முழுக்கப் பனியில் பஸ் ஏறி இறங்கி லீக்கில் முதலிடம் பிடித்திருந்தாலும், மார்ச்சில் ஒரே ஒரு மோசமான இரவு போதும், எல்லாம் முடிந்தது. முன்பு ஓர் ஆறுதலாவது இருந்தது. லீக்கில் முதலிடம் பிடித்துவிட்டு டோர்னமென்டில் தோற்கிற அணிக்கு, தேசியப் போட்டிக்கு அடுத்த நிலையில் இருக்கும் என்.ஐ.டி. போட்டியில் இடம் உறுதி. 2024-இல் அந்த உறுதியையும் எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் இரண்டு மாத உழைப்புக்கு என்னதான் மதிப்பு? சீடிங் என்று ஒரு தரவரிசை நம்பர் கொடுத்து அனுப்பினால் போதுமா? மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிற, எந்த அணிக்கும் சொந்தமில்லாத பொது அரங்கில், இரண்டு பக்கமும் சில நூறு பேர் உட்கார்ந்திருக்க, முதல் சீடுக்கும் எட்டாம் சீடுக்கும் நடைமுறையில் ஜெர்சி நிறம் தவிர வித்தியாசமே இருப்பதில்லை. ஹொரைசன் லீகை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் போட்டியை டெட்ராய்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். 2017-இல் அங்கே முதல் இரண்டு சீடுகளான ஓக்லாண்டும் வால்பரைஸோவும் தங்கள் முதல் ஆட்டத்திலேயே வெளியே போனார்கள், ஓக்லாண்ட் தோற்றது ஒரே ஒரு புள்ளியில். லீக்கில் கடைசி இடத்தில் இருந்த மில்வாக்கி ஃபைனல் வரை வந்தது. டிவியில் பார்ப்பவனுக்கு அது சுவாரசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் லீக் முழுக்க ஆடி முதலிடம் பிடித்த பையன்களுக்குச் சொந்த கோர்ட்டில் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்காமல் சீசன் முடிந்தது. பின்னால் அந்த லீகே முறையை மாற்றியது. 2020 முதல் ஆரம்ப ஆட்டங்கள் கேம்பஸில், அரையிறுதியும் ஃபைனலும் இண்டியானாபொலிஸில். பாதி வழி வந்திருக்கிறார்கள், அதுவரைக்கும் நல்லது.

"கேம்பஸில் வைத்தால் முதல் சீடே எப்போதும் ஜெயிக்கும், த்ரில் போய்விடும்" என்று சொல்பவர்களுக்கு என்னிடம் ஒரே ஓர் ஆட்டம் இருக்கிறது. நான் மாஸ்டர்ஸ் படித்தது பால்டிமோர் பக்கத்தில் இருக்கும் யு.எம்.பி.சி. பல்கலைக்கழகத்தில். 2018 அமெரிக்கா ஈஸ்ட் ஃபைனல் வெர்மான்டின் பேட்ரிக் ஜிம்மில் நடந்தது. சுமார் மூவாயிரம் பேர் உட்காரக்கூடிய பழைய ஜிம். வெர்மான்ட் அந்த லீக்கில் 15 வெற்றி, ஒரே தோல்வி. எங்கள் அணி அவர்களிடம் வரிசையாக 23 முறை தோற்றிருந்தது. இரண்டாம் பாதியில் பின்தங்கியிருந்து எழுந்து வந்து, கடைசி வினாடியில் எங்கள் ஜைரஸ் லைல்ஸ் தூரத்திலிருந்து போட்ட மூன்று புள்ளியில் 65-62. அந்தக் கூட்டம் ஒரு நொடியில் அடங்கிய விதத்தை டிவியில் பார்த்தபோதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த வாரமே தேசியப் போட்டியில் அதே பையன்கள் நாட்டின் முதல் சீடான வர்ஜினியாவை 74-54 என்று சாய்த்தார்கள். ஆண்கள் போட்டியில் கடைசி சீடான 16-ஆம் சீடு முதல் சீடை வென்றது அதுவே முதல் முறை, அதற்கு முன் 135 முறை முயன்று 135 முறையும் தோல்வி. எதிரியின் வீட்டில், அவர்கள் மாணவர்கள் காது கிழியக் கத்துகிற இடத்தில் ஜெயித்து வந்ததால்தான் சார்லட்டில் வர்ஜினியாவைப் பார்த்து அவர்கள் மிரளவில்லை என்று நான் முழுமையாக நம்புகிறேன். அன்றைக்கு எங்கள் அணிக்குச் சாதகமாக ஒரு பொது அரங்கில் ஆட்டத்தை வைத்திருந்தால் அந்த வெற்றிக்கு இந்த எடை வந்திருக்காது. வெர்மான்ட் அந்த வீட்டு ஆட்டத்தைச் சம்பாதித்திருந்தது, நாங்கள் அதையும் மீறி ஜெயித்தோம். இரண்டு அணிக்கும் அது நியாயமான ஆட்டம்.

கேம்பஸ் என்று நான் சொல்வது லீக்கில் ஆடிச் சம்பாதித்த கேம்பஸ். முன்கூட்டியே ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்து எல்லோரையும் அங்கே வரச்சொல்வது வேறு விஷயம், அது இரண்டு முறைகளிலும் இருக்கிற கெட்டதை மட்டும் சேர்த்து எடுத்தது போல. ஐவி லீக் வெகு காலம் டோர்னமென்டே வைக்காமல் லீக் சாம்பியனை நேராக அனுப்பியது. 2017-இல் முதல் முறையாக நாலு அணிகளுக்கு ஒரு டோர்னமென்ட் வைத்து, பென் பல்கலைக்கழகத்தின் பலெஸ்ட்ரா அரங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1927-இல் கட்டிய அற்புதமான அரங்கம், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் நடந்தது என்ன? லீக்கில் 14 ஆட்டம் ஆடி 14-உம் ஜெயித்த பிரின்ஸ்டன், 6 வெற்றி 8 தோல்வியோடு நாலாவதாக வந்த பென்னை, பென்னின் சொந்த வீட்டில் சந்திக்க வேண்டியிருந்தது. கடைசி வினாடிகளில், தவறிய பந்தைத் தட்டிப் போடுகிற ஒரு டிப்-இன் விழுந்திருக்காவிட்டால் பிரின்ஸ்டன் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஓவர்டைமில் தப்பித்தார்கள். இப்போது கல்லூரிக்குக் கல்லூரி சுழற்சி முறையில் நடத்துகிறார்கள். சுழற்சியில் எல்லோருக்கும் முறை வரும், சரிதான், ஆனால் அந்த வருடம் நன்றாக ஆடியவனுக்கு அதில் என்ன கிடைக்கிறது?

இது புதுப் பிரச்சினையும் இல்லை. பெரிய கான்ஃபரன்ஸான ஏ.சி.சி.யின் டோர்னமென்ட் 1954-இல் தொடங்கியபோது வடக்குக் கரோலைனா ஸ்டேட்டின் ரெனால்ட்ஸ் கொலிசியத்தில்தான் நடந்தது, 1966 வரை அங்கேயேதான். முதல் மூன்று பட்டங்களையும் வீட்டுக்கார அணியே எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் டோர்னமென்ட் சாம்பியன் ஒருவர்தான் தேசியப் போட்டிக்குப் போக முடியும் என்பதை நினைத்துப் பார்த்தால் மற்ற கல்லூரிகளின் வயிற்றெரிச்சல் புரியும். 1967-இல் கிரீன்ஸ்பரோவுக்கு மாற்றினார்கள், அந்த மாற்றம் சரியானதே.

பெரிய கான்ஃபரன்ஸ்களை நான் தொடவில்லை. பிக் ஈஸ்ட் 1983 முதல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆடுகிறது, அது அங்கேயே இருக்கட்டும். 2009-இல் சிரக்யூஸும் யூகானும் ஆறு ஓவர்டைம் ஆடியதும், 2011-இல் யூகானின் கெம்பா வாக்கர் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்ததும் அந்த அரங்கத்தில்தான். அங்கே தோற்கிற நல்ல அணிக்கு வேறு கதவு திறந்திருக்கிறது, அதனால் திருவிழாவாக நடத்தலாம். சின்னக் கான்ஃபரன்ஸ்களிலும் பொது அரங்கு நன்றாக ஓடுகிற இடங்கள் உண்டு. மிசூரி வேலி 1991 முதல் செயின்ட் லூயிஸில் நடத்துகிறது. அந்த ஊரில் அவர்களுக்கு உறுப்புக் கல்லூரி கிடையாது, பல கல்லூரிகளிலிருந்து காரில் வந்துவிடலாம், குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சம்மிட் லீக் சூ ஃபால்ஸில் நல்ல கூட்டம் சேர்க்கிறது, ஆனால் சவுத் டகோட்டாவின் இரண்டு பல்கலைக்கழகங்களும் அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில்தான் இருக்கின்றன. டல்சாவிலிருந்து வருகிற ஓரல் ராபர்ட்ஸ் அணிக்கு அது எப்படிப் பொது இடமாகும்?

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊர் முன்பே தெரிந்தால் பெற்றோர்கள் லீவு போட்டு டிக்கெட் எடுக்கலாம், ஆண்கள் பெண்கள் ஆட்டங்களை ஒரே இடத்தில் நடத்தலாம், ஸ்பான்சர் கிடைப்பார். சில கல்லூரிகளில் அந்த வாரம் ஸ்பிரிங் பிரேக், மாணவர்கள் ஊரிலேயே இருக்கமாட்டார்கள். வெளியூர் ரசிகர்களுக்கு ஒரு சின்ன ஜிம்மில் கிடைக்கிற டிக்கெட் கொஞ்சம்தான், அது எனக்கும் வருத்தமே. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். தேசியப் போட்டியில் ஒரு கான்ஃபரன்ஸின் அணி, ஃபைனல் தவிர, ஆடுகிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் என்.சி.ஏ.ஏ. ஒரு பங்குப் பணம் தருகிறது, அதை ஆறு ஆண்டுகளுக்குப் பிரித்துத் தருகிறது. நல்ல அணியை அனுப்பினால் நல்ல சீடு, ஜெயிக்க வாய்ப்பு, இன்னொரு பங்கு. வாடகை அரங்கில் விற்கிற சில ஆயிரம் டிக்கெட்டுக்காக அந்த வாய்ப்பைக் குறைத்துக்கொள்வது எந்த வகையில் லாபம்?

பொது அரங்கை விடவே முடியாது என்றால், குறைந்தபட்சம் வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் லாஸ் வேகஸில் பல ஆண்டுகள் செய்தது போல முதல் இரண்டு சீடுகளை நேராக அரையிறுதியில் இறக்குங்கள். அதுவும் உழைப்புக்குக் கிடைக்கிற கூலிதான்.

"இரண்டு நாள் அவகாசத்தில் கேம்பஸில் ஏற்பாடு செய்ய முடியாது" என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. பெண்கள் தேசியப் போட்டியின் முதல் இரண்டு சுற்றுகள் முன்னணி 16 அணிகளின் சொந்த அரங்குகளில் நடக்கின்றன. பட்டியல் ஞாயிறு இரவு வருகிறது, வெள்ளிக்கிழமை ஆட்டம் தொடங்கிவிடுகிறது, ஒவ்வோர் ஊருக்கும் வெளியிலிருந்து மூன்று அணிகள் வந்து இறங்குகின்றன. ஹோட்டல், விமானம், டிவி, பாதுகாப்பு எல்லாம் அந்த ஐந்து நாளுக்குள் 16 ஊர்களில் முடிந்துவிடுகிறது. எட்டு பத்துக் கல்லூரிகள் இருக்கிற ஒரு கான்ஃபரன்ஸ், ஏற்கெனவே லீக்கில் போய் ஆடிய ஜிம்முக்கு ஓர் அணியைப் பஸ்ஸில் அனுப்ப இதைவிட அதிகமாக என்ன தேவைப்படுகிறது என்று கான்ஃபரன்ஸை நடத்தும் எந்தக் கமிஷனராவது வெளிப்படையாகச் சொல்லட்டும், கேட்கிறேன்.