லினக்ஸ் போடலாமா என்று கேட்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் மங்களம் பாடிவிட்டது. அதிலிருந்து யாராவது ஒருவர் இன்பாக்ஸில் வந்து, "சார், என் லேப்டாப்பில் பதினொன்று ஏறாதாம், லினக்ஸ் போடலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். (லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் இலவச இயங்குதளம்.) ராம் எவ்வளவு, பிராசசர் என்ன என்று நான் திருப்பிக் கேட்பேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் கேட்பது, "வீட்டில் என்ன பிரிண்டர் இருக்கிறது?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் வருடக்கணக்காக லினக்ஸில்தான் பிழைப்பு நடத்துகிறேன். மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம், அவ்வப்போது புத்தக வடிவமைப்பு. இயந்திரம், கம்பெனிக்காரர்கள் கழித்துவிட்ட ஆறாம் தலைமுறை ஐ5 திங்க்பேட், செகண்ட்ஹேண்டில் வாங்கியது. விண்டோஸ் 11 கேட்கும் எட்டாம் தலைமுறைக்கு இரண்டு படி கீழே. அதில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் ஜம்மென்று ஓடுகிறது. இத்தனை காலத்தில் எனக்குப் புரிந்தது இதுதான்: லினக்ஸில் கஷ்டம் என்று எதுவும் இருந்தால் அது பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள் இல்லை. அதைச் சுற்றி இருக்கிறது. பிரிண்டரில், ஆடிட்டர் ஆபீஸில், வேர்டு ஃபைல் அனுப்பும் நண்பரிடம், கடைக்காரரிடம்.

பிரிண்டர் கதையைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் சின்ன ஆபீஸ்களிலும் இருக்கும் மலிவு விலை லேசர் பிரிண்டர்களில் பலவற்றுக்குச் சொந்த மூளை கிடையாது. பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்து, அந்தக் கம்பெனிக்கு மட்டுமே தெரிந்த ஒரு பாஷையில் அனுப்ப வேண்டும். அந்தப் பாஷையைப் பேசும் டிரைவரை விண்டோஸுக்கு ஒழுங்காக எழுதுவார்கள். லினக்ஸுக்கு எப்போதோ ஒன்றை எழுதிப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். என்னிடம் இருந்ததும் அப்படி ஒன்று. முதல் பக்கம் அழகாக வரும். இரண்டாவது பக்கத்துக்குப் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். நிறுத்திப் போட்டால் மறுபடி ஒரு பக்கம். கடைசியில் அதை அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே விண்டோஸில் சமர்த்தாக வேலை செய்கிறது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. பிறகு வாங்கிய வைஃபை பிரிண்டரை வீட்டு நெட்டில் சேர்த்ததும், நான் எதையும் நிறுவாமலே மின்ட் அதைக் கண்டுபிடித்துப் பட்டியலில் காட்டிவிட்டது. மேக்கிலும் லினக்ஸிலும் அச்சு வேலையைப் பார்ப்பது கப்ஸ் என்ற ஒரே மென்பொருள்தான். ஆகவே ஒரு சுலபமான சோதனை: கம்பெனியின் ஆப்பை நிறுவாமல், செல்போனிலிருந்தே உங்கள் பிரிண்டருக்கு நேரடியாக அனுப்ப முடிகிறதா? முடிந்தால் லினக்ஸிலும் அநேகமாகப் பிரச்சினை இருக்காது.

இரண்டாவது கேள்வி, "கணக்கு எழுத டேலி வைத்திருக்கிறீர்களா?" ஆமாம் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக ஓட்டலாம், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடும் விர்ச்சுவல் மெஷினில் ஓட்டலாம் என்று நண்பர்கள் வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள். ஓட்டலாம்தான். ஆனால் 20ஆம் தேதி ராத்திரி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய கடைக்காரர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் சொருகிவிட்டு அது ஏன் தெரியவில்லை என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. மேக்ரோ (பட்டனைத் தட்டினால் தானாக ஓடும் சின்ன நிரல்) வைத்த எக்செல் படிவங்களும் அதே ஜாதி. லினக்ஸில் எம்எஸ் ஆபீஸுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபீஸில் திறக்கும். பட்டனை அழுத்தினால் பல நேரம் அசையாது. இப்படிப்பட்டவர்கள் விண்டோஸிலேயே இருக்கட்டும். மைக்ரோசாஃப்ட் வீட்டுப் பயனர்களுக்கும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட்டுக்கு நீட்டிப்பு வைத்திருக்கிறது. அதற்குள் நிதானமாக யோசித்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு கேள்வியையும் தாண்டி வந்தவர்களுக்கு லினக்ஸ் வாழ்க்கை எப்படி இருக்கும்? சொன்னால் ஏமாற்றமாக இருக்கும்: ஒன்றுமே நடக்காது. பிரவுசரைத் திறப்பீர்கள், வேலையைப் பார்ப்பீர்கள், மூடுவீர்கள். பேங்க், ரயில் டிக்கெட், வாட்ஸ்அப் வெப், வீடியோ மீட்டிங் எல்லாம் பிரவுசருக்குள்தானே இருக்கின்றன. (சில ஓடிடி தளங்கள் லினக்ஸ் பிரவுசருக்கு ஹெச்டி தராமல் மங்கலான படத்தைத் தரும். எரிச்சலாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் படம் பார்ப்பது டிவியில் என்பதால் தப்பித்தேன்.)

அப்பாவின் பழைய லேப்டாப்பிலும் மின்ட்தான். காலையில் இ-பேப்பர், சாயங்காலம் யூடியூப், நடுவில் பென்ஷன் பாஸ்புக் பார்ப்பது. மாற்றிக் கொடுத்துக் கொஞ்ச நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, இதுல முன்னாடி மூலையில ஏதாவது வந்து வந்து கேட்டுக்கிட்டே இருக்குமே, இப்ப ஒண்ணும் வரலையே, கெட்டுப்போச்சா?" ஆன்டிவைரஸைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் பெட்டியைத்தான் சொல்கிறார். கெடவில்லை என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது.

அதே சமயம், போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் சித்தி மகனுக்கு ஆர்வக்கோளாறில் போட்டுக் கொடுத்தது செல்லுபடியாகவில்லை. அவன் தொழிலே கல்யாண ஆல்பம். டெம்ப்ளேட் எல்லாம் ஃபோட்டோஷாப் ஃபைல்களாக வாங்கி வைத்திருக்கிறான். லினக்ஸில் ஃபோட்டோஷாப்புக்குப் பதிலாக இருக்கும் கிம்ப் நல்ல மென்பொருள். 2025 மார்ச்சில் வந்த மூன்றாம் பதிப்பில் எஃபெக்ட்டுகளைப் படத்தைக் கெடுக்காமல் பிற்பாடு மாற்றிக்கொள்ளும் வசதியும் வந்துவிட்டது. ஆனால் அவன் கைவிரல்கள் பல வருடமாகப் பழகிய ஷார்ட்கட்டுகளை யார் மாற்றுவது? "அண்ணா, உன் லினக்ஸ நீயே வச்சுக்க" என்று அடுத்த வாரமே பழையபடி மாற்றிக்கொண்டான். நானும் மறுத்துப் பேசவில்லை. கம்ப்யூட்டர் அதிகம் தெரியாதவர்களுக்கும் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் லினக்ஸ் சரிப்பட்டுவரும். திண்டாடுவது நடுவில் இருப்பவர்கள்.

அப்டேட் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. எனக்கு லினக்ஸ் பிடித்துப்போனதே இதனால்தான். மின்டில் கீழே ஒரு கேடயம் மாதிரிச் சின்னம் இருக்கும். அப்டேட் வந்தால் அதில் ஒரு புள்ளி தெரியும். அவ்வளவுதான். நான் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இருக்கும் நாட்களில், தினசரி 1.5 ஜிபியில் மீதி எவ்வளவு என்று பார்த்துவிட்டு ராத்திரி பதினொன்றரைக்கு அப்டேட்டைத் தட்டுவேன். அது தானாகக் கிளம்பி டேட்டாவைக் குடிப்பதில்லை. ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி நடு வேலையில் கழுத்தைப் பிடிப்பதில்லை. ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ், ஆடியோ பிளேயர் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் அப்டேட். ஆனால் ஃபிளாட்பேக் (மென்பொருளைத் தனிப் பொட்டலமாகத் தரும் முறை) வடிவில் ஒரு குட்டி மென்பொருளை நிறுவப் போனால் அடித்தளக் கோப்புகளோடு சேர்த்து ஜிபி கணக்கில் இறக்கும். டேட்டா பேக்கை நம்பி இருப்பவர்கள் அளவைப் பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.

லினக்ஸையும் விண்டோஸையும் ஒரே இயந்திரத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று டூயல் பூட் போட்டவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கும். லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். பேய் பிடிக்கவில்லை. மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதிவைக்கிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த வித்தியாசம்தான் ஐந்தரை மணி நேரம். லினக்ஸையும் உள்ளூர் நேரத்தையே எழுதச் சொல்லும் ஒற்றை வரிக் கட்டளை இருக்கிறது, தேடினால் உடனே கிடைக்கும். அந்தக் கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி போய்விட்டது என்று கடையில் பேட்டரி மாற்றிக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

இனி தமிழ். என் வேலை முழுக்க இதில்தான் என்பதால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"லினக்ஸில் தமிழ் சரியாக அடிக்க முடியவில்லை" என்பவர்களில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில். கீபோர்டு அமைப்புகளுக்குப் போனால் பட்டியலில் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறை இருக்கும். சேர்ப்பார்கள், அடிப்பார்கள், புள்ளி தானாக வராது. அந்த அமைப்பு ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் மட்டும் வேலை செய்வது. முன்னால் என்ன எழுத்து வந்தது என்று அதற்குத் தெரியாது. தமிழ்99இன் சுகமே புள்ளி தானாக விழுவதில் இருக்கிறது. அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே விசை. இரண்டாவது ம விழும்போதே முதல் ம புள்ளி வைத்துக்கொள்ளும். இது கிடைக்க ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவ வேண்டும். நிறுவினால் தமிழ்99 மட்டுமல்ல, பழைய டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர்களுக்குத் தட்டச்சு முறை, இன்ஸ்கிரிப்ட், இலங்கை நண்பர்கள் பழகிய ரெங்கநாதன் முறை எல்லாம் வரிசையாக நிற்கும். காசு கொடுத்து வாங்க வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் புதிதாக வருபவருக்கு இதை எந்தத் திரையும் சொல்லித் தருவதில்லை.

அடுத்து லிப்ரே ஆபீஸ். தமிழ் வாக்கியத்துக்கு நடுவே ஆங்கிலமும் இருக்கும் ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டைலில் போய் எழுத்தளவை 14 ஆக்கினால் ஆங்கிலம் மட்டும் பெரிதாகும், தமிழ் அப்படியே இருக்கும். கோபம் வரும். விஷயம் என்னவென்றால் லிப்ரே ஆபீஸ் ஆங்கிலத்துக்கு ஒரு ஃபான்ட், தமிழ், இந்தி, அரபு போன்ற எழுத்துகளுக்குத் தனியாக ஒரு ஃபான்ட் என்று இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. மொழி அமைப்புகளில் சிக்கலான எழுத்துகளுக்கான பெட்டியை டிக் செய்து, இயல்பு ஸ்டைலில் தமிழுக்கு ஒரு ஃபான்டும் அளவும் கொடுத்து வைத்துவிட்டால் தொல்லை விட்டது. பழகியபிறகு இதுவே வசதி. தமிழுக்கு மீரா இனிமை, ஆங்கிலத்துக்கு வேறு ஒன்று என்று ஒரே தடவை அமைத்துவிட்டு நான் மறந்தே போய்விடுகிறேன்.

வெளியிலிருந்து வரும் வேர்டு ஃபைல்கள்தான் ரோதனை. காலிப்ரிக்குப் பதிலாக அதே அகலத்தில் கார்லிட்டோ இருக்கிறது, டைம்ஸுக்கு லிபரேஷன் இருக்கிறது. அதனால் ஆங்கிலப் பக்கங்கள் பெரும்பாலும் கலையாது. தமிழில் லதாவிலோ நிர்மலாவிலோ அடித்து அனுப்பியது என் கணினியில் நோட்டோ தமிழில் திறக்கும்போது எழுத்தின் அகலம் மாறி, வரிகள் நகர்ந்து, படம் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். "பக்க எண் மாறுகிறதே" என்று பதிப்பாளர் கேட்பார். நான் இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திருத்த வேர்டு அனுப்புங்கள், பக்கம் பார்க்கப் பிடிஎஃப் அனுப்புங்கள். பாமினியிலும் வானவில்லிலும் அடித்த பழைய ஃபைல்கள் தனிக் கொடுமை. ஆனால் அந்தப் பழியை லினக்ஸ் மேல் போடக்கூடாது. ஃபான்ட் இல்லாத விண்டோஸிலும் அவை அப்படித்தான் தெரியும்.

லினக்ஸ் மேல் போட வேண்டிய பழியும் இருக்கிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சன்னலான டெர்மினல்கள் பலவற்றில் தமிழ்க் கோப்புப் பெயரைப் பார்த்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகக் கிடக்கும். யூனிகோடு வந்து இத்தனை காலம் ஆன பிறகும் இப்படி.

லினக்ஸ் நண்பர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. "இலவசம், வைரஸ் வராது" என்று சொல்லி ஆள் பிடிக்கிறார்கள். நம் ஊரில் யார் விண்டோஸைக் காசு கொடுத்து வாங்கினார்கள்? பழைய லேப்டாப்பைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ பக்கத்துக் கடைக்கோ கொண்டுபோனால் சில நூறு ரூபாய்க்கு ஓஎஸ், ஆபீஸ், ஃபோட்டோஷாப் என்று எல்லாவற்றையும் போட்டுத் தந்துவிடுகிறார்கள். லினக்ஸுக்குப் போட்டி இந்தத் திருட்டு விண்டோஸ்தான். அதற்கு எதிரில் இலவசம் என்ற வார்த்தைக்கு மதிப்பே கிடையாது. வந்தவர் வைஃபை வரவில்லை என்று கேட்டால், டெர்மினலில் இந்த ஏழு வரியை ஒட்டு என்பது. அப்புறம் மின்ட் எதற்கு, ஆர்ச் (கைதேர்ந்தவர்களுக்கான இன்னொரு லினக்ஸ் வகை) போடு என்பது. அவர் ஓடத்தான் செய்வார்.

2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, நினைவிருக்கிறதா? டெபியன் என்ற லினக்ஸ் வகையை வைத்து, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. லட்சக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகள் கையில் லினக்ஸ் போய்ச் சேர்ந்தது. எத்தனை பேர் அதற்குள் போய்ப் பார்த்தார்கள்? கடையில் கொடுத்து அழித்து, அந்த இடத்தில் படமும் பாட்டும் ஏற்றிக்கொண்டார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பள்ளியில் அதில் செய்ய ஒரு வேலையும் இல்லை. கேரளத்தில் பள்ளி ஐடி பாடத்தைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியபோது ஆசிரியர் பயிற்சி, பாடப்புத்தகம், பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு என்று எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினார்கள். அங்கே அது நிலைத்தது. அங்கேயும் இங்கேயும் இருந்தது ஏறக்குறைய ஒரே டெபியன் குடும்பத்து லினக்ஸ்தான்.

இவ்வளவு படித்த பிறகும் போட்டுப் பார்க்க ஆசை இருந்தால் ஒரு 8 ஜிபி பென்டிரைவ் போதும். மின்டை அதில் எழுதி, அதிலிருந்தே பூட் செய்யுங்கள். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் முழு லினக்ஸும் ஓடும். கொஞ்சம் மெதுவாக இருக்கும், அது பென்டிரைவின் வேகம். அந்த நிலையிலேயே வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கரும் மைக்கும் கேட்கிறதா, கேமரா தெரிகிறதா, பிரிண்டர் அடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வைஃபை பிடிக்காவிட்டால் செல்போனைக் கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போடுங்கள், டிரைவரை இறக்கும் வரைக்கும் அது போதும். கடைசியாக மூடியை மூடி, ஒரு காபி குடித்துவிட்டு வந்து திறங்கள். சில லேப்டாப்கள் இந்த இடத்தில்தான் தூங்கிப்போய் எழுந்திருக்காது. எழுந்துவிட்டால் போட்டோ, டாக்குமென்ட் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிட்டு இன்ஸ்டால் பட்டனைத் தட்டுங்கள். பிரதி எடுக்காமல் தட்டிவிட்டு என் இன்பாக்ஸுக்கு வராதீர்கள்.