அமரர் என்ற சொல்

போன கிழமை உயர்தர மாணவி ஒருத்தி, நான் வாசிக்கக் கொடுத்த ஆங்கில நாவலைத் திருப்பித் தந்துவிட்டுக் கேட்டாள்: "ரீச்சர், இந்தக் கதையில் கொல்கிறவர்கள் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டுத்தானே போகிறார்கள்?"

2009இல் இலங்கையில் யுத்தம் முடிந்தபோது அவளுக்கு இரண்டு வயது. அந்தக் கேள்வியோடுதான் ஒரு கிழமையாக நடமாடுகிறேன்.

நாவல், நீல் ஷஸ்டர்மன் 2016இல் எழுதிய 'சைத்'. இளையோருக்கான மூன்று பாகக் கதையின் முதல் பாகம். மனிதர் மரணத்தை வென்றுவிட்ட உலகம் அது. மாடியிலிருந்து குதித்துச் செத்தவனையும் எழுப்பிவிடுவார்கள். முதியவர் விரும்பினால் இளமைக்குத் திரும்பலாம். பசி இல்லை, யுத்தம் இல்லை, ஊழல் செய்ய அரசியல்வாதியும் இல்லை. எல்லாம் அறிந்த ஒரு கணினி மனம் நீதியாக ஆள்கிறது. ஆனால் சாவு இல்லாவிட்டால் சனத்தொகை கட்டுமீறும். அதற்காகச் சிலருக்கு மட்டும் கொல்லும் உரிமை. அரிவாள் என்பதுதான் அவர்களுடைய பட்டம். ஆளுக்கு ஆண்டுக்கு 260 உயிர். அவர்களுடைய விடயத்தில் அந்தக் கணினியும் தலையிடக்கூடாது. கொலையை வெறுக்கிறார்கள் என்பதற்காகவே இரண்டு பதின்வயதினர் அந்தத் தொழில் பழகத் தெரிவுசெய்யப்படுகிறார்கள். அங்கேதான் கதை தொடங்குகிறது.

"பிள்ளைகளுக்கு எதற்குச் சாவுக் கதை? நல்லதாக ஏதாவது கொடுக்கலாமே" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அவருடைய கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் சாவைத் தெரியாமலா வளர்கிறார்கள்? பாடசாலைக்குப் போகும் வழியில் ஒவ்வொரு மின்கம்பத்திலும் கண்ணீர் அஞ்சலி தொங்குகிறது. வீட்டில் காலையில் பத்திரிகையை விரித்தால் பெரியவர்கள் முதலில் பார்ப்பது மரண அறிவித்தலை. செத்தவீடு, எட்டுச்செலவு, அந்தியேட்டி என்று பாலர் வகுப்பிலிருந்தே கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறோம். பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லாமல் விடுவது சாவை அல்ல. சாவுக்குப் பின்னால் நிற்கும் அதிகாரத்தைத்தான். அந்த இடத்தில் இந்தக் கதை வாய் திறக்கிறது.

அதிகாரம் எப்படிக் கெட்டுப்போகிறது என்பதை ஷஸ்டர்மன் காட்டும் விதம் என்னை உலுக்கிவிட்டது. வழக்கமான கதைகளில் கொடுங்கோலனுக்கு ஒரு காரணம் இருக்கும்: நிலம், மதம், இனம், பசி. இவர் அத்தனையையும் முதலிலேயே எடுத்துவிடுகிறார். ஒரு குறையும் இல்லாத உலகத்திலும் கொடார்ட் என்றொருவன் வருகிறான். ஒரு விமானத்தில் இருந்த எல்லோரையும் சேர்த்துக் கொல்கிறான். கொல்வதில் இன்பம் காணலாம், காண வேண்டும் என்று இளையவர்களுக்குப் பழக்குகிறான். கொல்லும் உரிமையைச் சட்டமாக எழுதிக் கொடுத்த பிறகு அதைச் சுவைக்கிறவன் வந்தே தீருவான் என்பதை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் வாசித்ததில்லை. மூன்றாம் பாகம் தேவைக்கு மேல் நீள்கிறது, காதலும் மனதில் ஒட்டவில்லை. ஆனாலும் இந்த ஒன்றுக்காகவே நூலைக் கையில் எடுக்கலாம்.

அரிவாள்களுக்குப் பத்துக் கட்டளைகள் உண்டு. பாகுபாடும் வன்மமும் இல்லாமல் கொல்ல வேண்டும். நாள்தோறும் நாட்குறிப்பு எழுத வேண்டும். அடங்கிச் சாகிறவரின் குடும்பத்துக்கு ஓராண்டு யாரும் தொடமுடியாத பாதுகாப்பு. எதிர்த்தால் குடும்பத்தையும் கொல்ல வேண்டும். இந்த விதியில் என் மாணவி பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தாள், பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. கதையில் வரும் ஃபாரடே என்ற மூத்த அரிவாள், தான் கொன்றவரின் செத்தவீட்டுக்குப் போகிறார். அவள் கேட்டது இதைப் பற்றித்தான். அவ்வளவு கொடுமையான உலகத்திலும் கொன்றவன் யார் என்று தெரிகிறது. திதி தெரிகிறது. உடல் வீட்டுக்கு வருகிறது.

அந்த உலகத்தில் கொலையைக் கொலை என்று சொல்வதில்லை. அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிரைப் பொறுக்குவதற்கான ஆங்கிலச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். அதை வாசித்தபோது எனக்கு எங்கள் வீதியோரப் போராட்டப் பந்தல்கள் நினைவுக்கு வந்தன. 2016இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் வந்த, யுத்தத்தில் தொலைந்தவர்களைத் தேடும் அலுவலகத்தின் பெயரில் இருப்பது 'காணாமற்போன' என்ற சொல். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் பிள்ளைகளைத் தேடிக் குந்திய தாய்மார் சொல்வது 'காணாமல் ஆக்கப்பட்டோர்'. போவது என்றால் தானாகப் போனது. ஆக்கப்பட்டது என்றால் ஆக்கியவன் ஒருவன் இருக்கிறான். இலக்கண வகுப்பில் செயப்பாட்டு வினை படிப்பிக்கும்போதெல்லாம் இந்த உதாரணம் என் வாய்வரை வந்து நிற்கும். இனி நிறுத்தப்போவதில்லை.

யாழ்ப்பாணத்துச் செம்மணியில் புதைக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு சிப்பாய் நீதிமன்றத்தில் வாய் திறந்தது 1998இல். அடுத்த ஆண்டு தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. பிறகு 2025இல் சித்துப்பாத்தி மயானத்தடியில் திரும்பவும் தோண்டினார்கள். ஒரு பிள்ளையின் எலும்புக்கூட்டோடு நீல நிறப் புத்தகப்பை ஒன்று வந்தது. அந்த ஓகஸ்டில், எடுத்த பொருட்களை மக்கள் அடையாளம் காண்பதற்காகப் பரப்பி வைத்திருந்தார்கள். நானும் வரிசையில் நின்று பார்த்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒவ்வொரு துணியாகக் குனிந்து பார்த்து, தையலைப் பார்த்து, நிமிர்ந்து அடுத்ததற்குப் போனார். அங்கே யாரும் சத்தமாகப் பேசவில்லை.

இறந்தவரை நாங்கள் 'அமரர்' என்கிறோம். சாவில்லாதவர் என்றுதான் அதற்குப் பொருள். சாவே இல்லாத மனிதரைப் பற்றிய நாவலை வாசித்து முடித்த இரவு இந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை.

2004இல் அம்மப்பா காலமானார். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அடிக்கக் கொடுத்திருந்தோம். தேவாரம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, கடைசியில் வம்சாவளி. அச்சுப்படி வந்த அன்று பின்னேரம் அம்மம்மா விறாந்தையில் பாயில் இருந்தார். சின்ன எழுத்து அவருக்குத் தெரியாது, என்னை வாசிக்கச் சொன்னார். பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக வாசித்துக்கொண்டு போனேன். சின்ன மாமாவின் பெயர் வந்தது. 1996இல் சைக்கிளில் போன மாமா. பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று அச்சாகியிருந்தது. நானும் வாசித்துவிட்டேன்.

"அதை யார் எழுதியது?" என்று கேட்டார். பெரிய மாமா முற்றத்தில் நின்றபடியே, எட்டு வருடமாகிவிட்டது அம்மா, எத்தனை நாளைக்குத்தான் என்று தொடங்கினார்.

"எந்தத் திதியில்?" என்றார் அம்மம்மா.

பெரிய மாமாவிடம் பதில் இல்லை. அம்மம்மா என்னிடம் பேனையை வாங்கினார். அந்தச் சொல் இருக்கும் இடத்தில் விரலை வைக்கச் சொன்னார். என் விரல் நுனியைத் தொட்டுப் பார்த்து, அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தார். கோடு கொஞ்சம் சரிந்து மாமாவின் பெயரின் முதல் எழுத்திலும் பட்டுவிட்டது. அதைக் கண்டதும், அந்த எழுத்தைத் திரும்ப வடிவாக எழுதிவிடு என்றார். எழுதினேன்.

அம்மம்மா 2013இல் போனார். அவருடைய கல்வெட்டுக்கு அச்சகத்தில் பெயர்ப் பட்டியல் கொடுத்தது நான்தான். சின்ன மாமாவின் பெயருக்கு முன்னால் எதுவும் எழுதவில்லை.