அழுகை நிற்பது அளவுகோல் அல்ல
“இறந்த நாயை நினைத்து அழுகை வராத நாளே அடுத்ததை எடுக்கத் தகுந்த நாள்” என்று, நாயை இழந்தவர்கள் அடுத்த நாயை எப்போது எடுக்கலாம் என்பது பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 11 ஆண்டுகள் எங்களுடன் இருந்த நாட்டு நாய் போன பிறகு, விளிம்பு நசுங்கிய அதன் எவர்சில்வர் தட்டைப் பின்கட்டிலிருந்து எடுத்து வைக்கவே எனக்கு எட்டு மாதங்கள் ஆயின. இன்றும் அந்த நாயைப் பற்றிப் பேசினால் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது, ஆனால் இப்போதுள்ள நாயை வளர்ப்பதற்கு அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. நான் என்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு: புதிதாக வருவதும் பழையதைப் போலவே வாசல் கேட்டின் அருகில் காத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேனா? முதல் ஆறு மாதங்கள் ஆம் என்றுதான் பதில் வந்தது. அதே பெயரை வைக்கலாம் என்றுகூட யோசித்தேன் என்பதைச் சற்று வெட்கத்துடன் சொல்கிறேன். மேலே கருத்து எழுதிய ஒரு வாசகர், பார்வோ நோயில் (குட்டிகளை அதிகம் தாக்கும் கொடிய வைரஸ் தொற்று) குட்டி இறந்த மறுவாரமே இன்னொரு குட்டியைக் கொண்டுவர மனம் தயாராகிவிட்டதாக எழுதியிருக்கிறார். அவர் மனத்துக்கு முன் வீட்டுத் தரையைப் பார்க்க வேண்டும். அந்த வைரஸ் மாதக்கணக்கில், நிழலான மண்ணில் ஓராண்டு வரைகூட, அழியாமல் கிடக்கும்; சிமென்ட் தரையை நீர்த்த பிளீச்சிங் கரைசலால் கழுவிவிடலாம், மண் முற்றத்தை அப்படிச் சுத்தப்படுத்த இயலாது. குட்டிகளுக்கான தடுப்பூசிச் சுற்று முடியவே அவற்றுக்குச் சுமார் 16 வார வயது ஆகிவிடும் என்பதால், ஏற்கெனவே ஊசிகள் போட்டு முடித்த வளர்ந்த நாயே அவருக்குப் பாதுகாப்பானது. எனக்கு வயது 61 என்பதால், நாங்களும் குட்டியைத் தேடாமல் ஆறு வயது நாயையே எடுத்தோம்.