விடை சரி, முறை தவறு!

'விடை சரி, முறை தவறு' என்று சிவப்பு மையால் எழுதி, போதாக்குறைக்குப் பக்கத்திலேயே அரைப் பக்கத்துக்கு ஒரு பெருக்கல் குறியையும் இழுத்து, ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டாருக்கு இதற்கு மேல் நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. 'காலம்' என்ற பாடம் நடக்கும் மாதத்தில் இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு நடக்கும், சாப்பிடும்போது யார் யாரோடு பேசமாட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பேருந்து சென்னையிலிருந்து இரவு 9.50 மணிக்குப் புறப்பட்டு, மறுநாள் காலை 5.25 மணிக்கு மதுரையைச் சென்றடைகிறது எனில், பயண நேரம் எவ்வளவு? (கணக்குப் புத்தகத்துப் பேருந்து விக்கிரவாண்டிப் பக்கம் எந்த உணவகத்திலும் நிற்பதில்லை என்பதையும், அதைப் பிடிக்கக் கிளாம்பாக்கம் போய்ச் சேருவதே தனிப் பயணம் என்பதையும் கேள்வி தயாரித்தவர்கள் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்கள்.) 9.50-இலிருந்து 10 மணி வரை 10 நிமிடம் என்று என் மகள் எழுதினாள். 10-இலிருந்து நள்ளிரவு 12 வரை 2 மணி நேரம் என்று எழுதினாள். 12-இலிருந்து 5 வரை 5 மணி நேரம், அதன்மேல் 25 நிமிடம், ஆக மொத்தம் 7 மணி 35 நிமிடம் என்று எழுதி, அடியில் அளவுகோல் வைத்து இரட்டைக் கோடும் போட்டாள்.

நான் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தேன். பத்தும் இருபத்தைந்தும் முப்பத்தைந்து, அதில் தவறில்லை. இரண்டும் ஐந்தும் ஏழு, அதிலும் தவறில்லை. கையெழுத்து புரிகிறது, இரட்டைக் கோடு நேராக இருக்கிறது, ஓரத்தில் தேதியும் இருக்கிறது. உலகத்தில் பேருந்து ஏறும் அத்தனை பேரும், பக்கத்து இருக்கைக்காரர் 'எத்தனை மணி நேரம் ஆகும்?' என்று கேட்டால், கண்ணை மேலே செருகிக்கொண்டு இதே வழியில்தான் பத்து மணிக்குத் தாவி, பன்னிரண்டுக்குத் தாவி, ஐந்துக்குத் தாவி விடை சொல்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் முறை தவறுதான் போலும்.

சரியான முறை எது என்று கரும்பலகையிலிருந்து எழுதிவந்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். இரவு 9.50-ஐ முதலில் 24 மணி நேர முறைக்கு மாற்றி 21.50 ஆக்க வேண்டும். 24.00-இலிருந்து 21.50-ஐக் கழிக்க வேண்டும். சுழியத்திலிருந்து ஐம்பது போகாது. ஆகவே 24-இலிருந்து ஒன்றைக் கடன் வாங்கி, அதை 60 நிமிடங்களாக்கி, 23.60 என்று மாற்றி எழுத வேண்டும். 23.60! எந்த ஊர்க் கடிகாரத்தில் ஐயா இந்த நேரம் வருகிறது? இந்த இல்லாத நேரத்திலிருந்து 21.50 போக மீதி 2.10, அதோடு 5.25-ஐக் கூட்டினால், என்ன ஆச்சரியம், 7.35. மூன்று வரியில் நேராக நடந்து சேர்ந்த இடத்துக்கு, மாற்றி, கடன் வாங்கி, கழித்து, மறுபடி கூட்டி வந்து சேருவதற்குப் பெயர் முறை.

இதில் எனக்கு அதிகமாக எரிச்சலூட்டியது வேறு. அதே வகுப்பில் இன்னொரு பிள்ளை, பெரிய எண்ணிலிருந்துதானே சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்ற நியாயத்தில், 9.50-இலிருந்து 5.25-ஐக் கழித்து 4 மணி 25 நிமிடம் என்று எழுதியிருக்கிறது. சென்னைக்கும் மதுரைக்கும் சுமார் 460 கிலோமீட்டர். அந்தப் பேருந்து எங்கும் நிற்காமல் சராசரியாக மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பறந்தால்தான் இந்த விடை வரும். அந்தப் பிள்ளைக்கும் அதே பெருக்கல் குறி, அதே அளவில். மதுரைக்குச் சரியான நேரத்தில் போன பேருந்தும், ஆகாயத்தில் போன பேருந்தும் திருத்துபவர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்திருக்கின்றன.

ஆனால் அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் குழப்பத்தின் வேர் புத்தகத்திலேயே இருக்கிறது. நேரத்தை நாம் புள்ளி வைத்து எழுதுகிறோம். பாடநூலிலும் புள்ளி, திருமண அழைப்பிதழிலும் புள்ளி, மருத்துவரின் அறைக்கு வெளியே தொங்கும் பலகையிலும் புள்ளி. அதே நோட்டில் பணத்தைப் பற்றிய பாடத்திலும் புள்ளிதான்: 10.15 ரூபாயிலிருந்து 8.40 ரூபாய் போனால் மீதி 1.75, இப்படி எழுதினால் 'நன்று' என்று பாராட்டு. பக்கத்தைப் புரட்டினால், 8.40 மணிக்குத் தொடங்கி 10.15 மணிக்கு முடிந்த நிகழ்ச்சி எவ்வளவு நேரம் நடந்தது என்று கேள்வி. அதே எண்கள், அதே புள்ளி, அதே கழித்தல், குழந்தை 1.75 என்று எழுதுகிறது. உடனே வகுப்பில் எழுப்பி நிறுத்தி, 'நிமிடத்தில் எங்காவது எழுபத்தைந்து உண்டா?' என்று கேட்கிறார்கள். கடன் வாங்கினால் ஓரிடத்தில் நூறு கிடைக்கும், இன்னோரிடத்தில் அறுபதுதான் கிடைக்கும் என்று அந்தப் புள்ளியைப் பார்த்து எந்தக் குழந்தையால் கண்டுபிடிக்க முடியும்? கடன் வாங்க நேர்ந்த கணக்குகளில் எல்லாம் விடை மிகச் சரியாக 40 கூடுதலாக வருவதைப் பார்த்தாலே, குழந்தைக்குக் கழிக்கத் தெரியாமல் இல்லை, நூறுக்கும் அறுபதுக்கும் நடுவில்தான் விழுந்திருக்கிறது என்பது திருத்துபவருக்குப் புரிந்திருக்க வேண்டும். 1.75-இல் 40 போனால் 1.35, அதுதான் சரியான விடை. தினசரி நாள்காட்டியில் வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30 முதல் 12.00 வரை என்று போட்டிருக்கிறது. அதையும் இதே போலக் கழித்தால் 1.70 வரும். என் மாமியார் எந்த நோட்டையும் பிரிக்காமல் ஒன்றரை மணி நேரம் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்.

பத்துக்குப் பத்தாக இல்லாத எண்முறையைப் புரிந்துகொள்ளும் அறிவு குழந்தைகளுக்கு இல்லை என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். இதே மகள் இருபது ஓவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, 13.4 ஓவர் முடிந்த நிலையில் மீதி எவ்வளவு என்று கேட்டால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் 6.2 என்கிறாள். 6.6 என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஓர் ஓவருக்கு ஆறு பந்து, ஆகவே ஐந்தாவது பந்துக்கு அடுத்த பந்திலேயே ஓவர் நிறைந்துவிடும் என்பதை எந்த ஆசிரியரும் அவளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடவில்லை. அங்கேயும் புள்ளிதான்; அங்கேயும் கடன் வாங்கிக் கழித்தல்தான்; ஆனால் கடன் வாங்கினால் ஆறு பந்து கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, ஏனென்றால் அந்தப் பந்துகளை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். வகுப்பறைச் சுவரில் ஒரு முள் கடிகாரம்கூட ஓடாத நிலையில் நிமிடத்தை மட்டும் எங்கே போய்ப் பார்ப்பாள்? கைப்பேசியில் பார்க்கலாம் என்றால், அங்கே புள்ளிக்குப் பதிலாக இரண்டு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன.

அறுபது என்ற எண்ணை நம் தலையில் கட்டியதற்குப் பாபிலோனியர்களைத் திட்டலாம், திட்டியும் பார்த்துவிட்டேன். 1793-இல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டுவதாக நாளுக்குப் பத்து மணி, மணிக்கு நூறு நிமிடம், நிமிடத்துக்கு நூறு வினாடி என்று சட்டமே போட்டார்கள். அரசனின் தலையை எடுத்தவர்களால்கூட அறுபதை எடுக்க முடியவில்லை. 1795-இல் அந்தக் கட்டாயத்தை அவர்களே கைவிட்டார்கள். அவர்களிடமும் யாராவது 'விடை சரி, முறை தவறு' என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

போகட்டும், இதை நேரிலேயே கேட்டுவிடலாம் என்று இருந்தபோது, நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெற்றோர் கூட்டத்துக்கான சுற்றறிக்கை ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டேன். சனிக்கிழமை காலை 10.00 மணி முதல் 12.30 மணி வரை. பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 10 நிமிடம் ஒதுக்கப்படும். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி அழைக்கப்படுவர். நேரம் தவறாமை அவசியம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். நாற்பது பேருக்குப் பத்துப் பத்து நிமிடம் என்றால் 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். அவர்கள் ஒதுக்கியிருப்பதோ 150 நிமிடம். அதில் பதினைந்து பேர் பேசி முடிக்கலாம். என் மகளின் பெயர் 'வெ'யில் தொடங்குவதால் பதிவேட்டில் அவள்தான் கடைசி. அந்தக் கணக்கின்படி, காலை பத்து மணிக்கு நேரம் தவறாமல் போய் உட்காரும் என்னை மாலை 4.30 மணிக்கு, அதாவது கூட்டம் முடிந்து நான்கு மணி நேரம் கழித்து, உள்ளே கூப்பிடுவார்கள். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்துவிட்டாள். சுற்றறிக்கையின் கீழே பெற்றோர் கையொப்பம் வேண்டுமாம். போட்டுக் கொடுத்திருக்கிறேன், பக்கத்தில் இந்த 400 நிமிடக் கணக்கையும் எழுதி, 24 மணி நேர முறையில் 16.30 என்று மாற்றியும் காட்டி.