ஜெஃபர்சன் வரலாற்று நூல்களும் 1998 மரபணுச் சோதனையும்

அமெரிக்காவின் மூன்றாம் அதிபர் தாமஸ் ஜெஃபர்சனுக்கும், அவரிடம் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸுக்கும் குழந்தைகள் பிறந்த செய்தி 1998 மரபணுச் சோதனைக்குப் பின்னரே நூல்களில் இடம்பெற்றது என்றும், அச்சோதனை ஒன்றே அதை நிரூபித்துவிட்டது என்றும் சொல்லப்படுவதுண்டு; இரண்டுமே சரியல்ல. சாலியின் மகன் மேடிசன் ஹெமிங்ஸ், தம் தந்தை ஜெஃபர்சனே என்று 1873இல் ஓஹையோ மாநிலச் செய்தித்தாள் ஒன்றில் வெளிப்படையாகக் கூறியிருந்தும், ஆறு தொகுதிகளில் ஜெஃபர்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய டூமாஸ் மலோன் உள்ளிட்ட அறிஞர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். வரலாற்றாசிரியர் ஃபான் பிராடி 1974இலேயே அதை ஏற்று எழுதினார். அந்தச் சாட்சியம் எவ்வாறு ஒதுக்கப்பட்டது என்பதை, சட்டம் பயின்றவரான அனெட் கார்டன்-ரீட் 1997இல், அதாவது சோதனைக்கு ஓராண்டு முன்பே, ஒரு நூலில் வரிவரியாக ஆராய்ந்து காட்டினார். இந்த விவாதத்தின் உண்மையான திருப்புமுனை அந்நூல்தான் என்பது என் உறுதியான கருத்து. மரபணுச் சோதனை காட்டியதோ, சாலியின் கடைசி மகன் எஸ்டனின் தந்தை ஜெஃபர்சன் குடும்பத்து ஆண்வழியைச் சேர்ந்தவர் என்பதை மட்டுமே. ஜெஃபர்சனின் பண்ணை இல்லமான மான்டிசெல்லோவில் பிறந்ததாகப் பதிவான சாலியின் பிள்ளைகள் ஒவ்வொருவரும் கருவான காலத்தில் ஜெஃபர்சன் அங்கேயே இருந்தார் என்ற ஆவணச் சான்றையும், மேடிசனின் வாக்குமூலத்தையும் அதனோடு இணைத்துப் பார்த்த பிறகே அப்பிள்ளைகளின் தந்தை ஜெஃபர்சனே என்ற இன்றைய முடிவுக்குப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் வந்தார்கள்.